பேங்க் கேட்ட பல்

வாங்க கண்ணுங்களா, வசதியா உட்காருங்க. பல் இருக்கிறவர்கள் முறுக்கைக் கடித்துக்கொள்ளுங்கள், இல்லாதவர்கள் தேத்தண்ணியில் நனைத்துக்கொள்ளுங்கள். இது பல்லைப் பற்றிய கதை. பேங்கைப் பற்றிய கதையும்தான். எந்த பேங்க் என்று மட்டும் கேட்காதீர்கள். பேரைச் சொன்னால், சொன்னது நான்தானா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள என் கட்டை விரலைக் கேட்கும்.

ஈஜோக் ஊரில் அம்புரோஸ் என்று ஒருவர். வயது எழுபத்து மூன்று. முப்பது வருஷம் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு இன்னும் பதினைந்து வருஷம் உரம் வீசினார். மனைவி மேகி, அதே தோட்டத்து ஆயக்கொட்டகையில் வேலைக்காரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். போன ஆகஸ்டு கடைசி சனிக்கிழமையோடு அவர்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். கோவிலில் பூசை வைத்து, மறுபடியும் கைபிடித்து, வார்த்தைப்பாடு சொல்ல வேண்டும் என்று ஃபாதர் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால், தோட்டத்துச் சின்னக் கோவிலில், அம்புரோஸ் அந்த வார்த்தைப்பாட்டைத் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் சொன்னார். அவ்வளவு கூச்சம். மேகியின் காதில் ஒன்றும் விழவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் மேகியின் கடைசி ஆயுதம் அதுதான்.

"என்னைக் கட்டிக்கிறேன்னு நீங்க சொன்னதுக்கு உங்க பொத்தான் மட்டுந்தான் சாட்சி."

இந்தத் தடவை கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவது என்று அம்புரோஸ் முடிவு செய்திருந்தார். ஒரே ஒரு தடங்கல். மிச்சமிருந்த நாலு பல்லையும் போன வருஷம் அரசாங்க கிளினிக்கில் பிடுங்கிவிட்டார்கள். கட்டுப்பல்லுக்கு அங்கே வரிசை அடுத்த பிப்ரவரி வரை நீண்டிருந்தது. பல் இல்லாமல் வீட்டில் ஒரு தடவை ஒத்திகை பார்த்தார். சொல்லி முடித்ததும் மேகி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கோலசிலாங்கூர் டவுனில் ஒரு பல் வைத்தியர், ஆயிரத்து அறுநூறு வெள்ளி கொடுத்தால் பத்து நாளில் இரண்டு வரிசையும் கட்டித் தருவதாகச் சொன்னார். அம்புரோஸின் கணக்கில் ஆறாயிரத்துச் சொச்சம் இருந்தது. ஆக, காரியம் முடிந்தது என்று நினைத்தார் மனிதர்.

ஜூலை முதல் வாரம், பழைய தோட்டத்துக் கூட்டாளி இருசப்பனின் காரில் மூன்று பேரும் பேங்குக்குப் போனார்கள். பணம் எடுக்கிற அட்டை காலாவதியாகிக் கிடந்தது. புது அட்டைக்குக் கட்டை விரல் வைக்க வேண்டும். கவுண்டரில் பணம் எடுக்கவும் கட்டை விரல்தான். மேசையில் 'புவனேசன், டிஜிட்டல் தோழர்' என்று பலகை. புவனேசன் சின்ன மெஷினை முன்னால் தள்ளினார்.

"வைங்க அங்கிள்."

சிவப்பு விளக்கு. இடது விரல். சிவப்பு. மேகி கைக்குட்டையால் துடைத்துவிட்டார். சிவப்பு. இருசப்பன், "எச்சில் தொட்டு வை மச்சான்" என்றார். எச்சிலுக்கும் சிவப்பு.

"அங்கிள், உங்களுக்கு ரேகையே இல்லையே. எங்க போச்சு?"

"பாலை உறைய வைக்க ஊத்துற ஆசிட்டுல பாதி போச்சு தம்பி. மீதி உரத்துல போச்சு."

புவனேசன் பரிவோடு கேட்டார். "பழசு எங்கயாவது இருக்கா? காப்பி ஏதும்?"

"மரத்துல இருந்திருக்கும். மரத்தைத்தான் வெட்டிட்டாங்களே."

மேகிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, நீ எங்க பேட்ரிக்கோட ஒண்ணாப் படிச்ச பையன்தானே? எங்க வீட்டுல எத்தனை நாள் மீன்குழம்பு ஊத்திச் சாப்பிட்டிருக்க. இவரை உனக்குத் தெரியாதா?"

"எனக்கு நல்லாத் தெரியும் ஆன்ட்டி. அந்தக் குழம்பு ருசி இன்னும் நாக்குல இருக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? சிஸ்டத்துக்குத் தெரியலையே."

"அப்ப சிஸ்டத்தையும் ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வா" என்றார் இருசப்பன்.

புவனேசன் கோபப்படவில்லை. கோபப்படாமல் இருப்பதற்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினார்.

"அங்கிள், வயசானவங்க வரிசையில நிக்கிறது எங்களுக்கு ரொம்ப மன வருத்தம். அதனாலதான் நாலு கவுண்டர்ல மூணை மூடிட்டோம். இதையும் டிசம்பர்ல மூடிட்டா உங்களுக்கு வரிசையே இருக்காது. எல்லாம் போன்லயே. வர்ற சனிக்கிழமை உங்க ஈஜோக் மண்டபத்துலயே முகாம். வந்து பதிஞ்சுக்குங்க, ஈசி லா."

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் எழுபது எண்பது கிழவன் கிழவிகள். சாப்பிட ஆளுக்கொரு மீஹூன் பொட்டலம், ஒரு குடை. கோலாலம்பூரிலிருந்து குமுதா என்ற அதிகாரி வந்திருந்தார். மூத்த குடிமக்கள் ஆனந்தப் பிரிவுக்குத் தலைவியாம். மைக்கைப் பிடித்தார்.

"அன்பான பெற்றோர்களே! மோசடிக்காரர்கள் உங்கள் பணத்தைக் குறி வைக்கிறார்கள். உங்கள் பணத்தை யாருமே எடுக்க முடியாதபடி எங்கள் பேங்க் கட்டிக் காக்கிறது. யாருமே என்றால் யாருமே. இதில் வேண்டியவர், வேண்டாதவர், சொந்தக்காரர் என்ற பாகுபாடு எங்களிடம் கிடையாது!"

எல்லாரும் கைதட்டினார்கள். அம்புரோஸும் தட்டினார். மீஹூன் கொடுத்தவர்கள் பேசும்போது கைதட்டுவது நம் ஆட்கள் வழக்கம்தானே.

பிறகு கட்டை விரலை உயர்த்திச் சிரிக்கச் சொல்லி ஒவ்வொருவரையும் படம் பிடித்தார்கள். அம்புரோஸ் வாயை அகலமாகத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவருக்கே அப்போது ஞாபகம் இல்லை. சந்தோஷம்.

அடுத்தது பதிவு. மறுபடியும் ஒரு சின்ன மெஷின். அம்புரோஸின் விரல் மறுபடியும் சிவப்பு. பின்னால் வரிசை முனகியது. வெயில். மேகி அங்கே இங்கே பார்க்கவில்லை. கையை நீட்டித் தன் கட்டை விரலை வைத்தார். பச்சை.

இதைத் தப்பு என்று நீங்கள் சொல்லலாம். தோட்டத்தில் பிறந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். சம்பள நாளில் மை ஒட்டாத விரல் எத்தனை இருக்கும்! பக்கத்தில் நிற்கிறவர் கையை வைப்பார். சம்பளம் கொடுக்கிற கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஏதோ ஒரு கட்டை விரல் விழ வேண்டும், அவ்வளவுதான். ஆயக்கொட்டகையில் தொட்டில் ஆட்டிய மேகியின் விரலில் ரேகை அப்படியே இருந்தது. அதனால் பல சம்பள நாட்களில் மேகி ஒருவரே ஏழெட்டுப் பேராக இருந்திருக்கிறார். நாற்பது வருஷப் பழக்கம். கை தானாக நீண்டுவிட்டது.

"முடிஞ்சிருச்சு அங்கிள்! வாழ்த்துகள்!" என்றார்கள். மேகியின் கையில் குடையைக் கொடுத்தார்கள்.

போனில் வைத்துக் கொடுத்த செயலிக்கு 'செனியும்' என்று பேர். மலாயில் சிரிப்பு என்று அர்த்தம். முதல் தடவை பணம் அனுப்பும்போது முகத்தைக் காட்ட வேண்டும். அம்புரோஸ் அன்று சாயங்காலம் குளித்து, திருநீற்றுப் புதனுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெரட்டுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். காலையில் ஆள் எண்ணும்போது வேலை வாங்கும் மண்டோர் முன்னால் நின்ற பழக்கம். மேகி போனைப் பிடித்தார். இருசப்பன் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

போன் கேட்டது: பல் தெரியச் சிரிக்கவும்.

அம்புரோஸ் சிரித்தார்.

பல் தெரியச் சிரிக்கவும்.

இன்னும் அகலமாகச் சிரித்தார்.

முகம் முழுமையாக இல்லை. பல் தெரியச் சிரிக்கவும்.

"பல்லு வாங்கத்தானே காசு கேக்குறேன்!" என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

அதிகாரப்பூர்வமான பல்லைக் காட்டவும் என்று அது கேட்கவில்லை, அந்த மட்டும் மரியாதை. மற்றபடி கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தது. இருசப்பன் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்தார்.

"மச்சான், உன்னோட ஐசி கார்டு படத்துல பல்லு இருக்குடா. அந்த அம்புரோஸைத்தான் அதுக்குப் பழக்கம். உன்னை அது பார்த்ததே இல்ல."

"உன் பல்லைக் கழட்டிக் குடு. ஒரு நிமிஷம் வச்சுக்கிறேன்."

"என்னோடது சொந்தப் பல்லுடா. கழறாது."

மேகி சமையற்கட்டுக்குப் போனார். தேங்காய்ச் சில்லை நீளமாகச் சீவி, கத்தி நுனியால் கோடு போட்டு, பார்க்கப் பல் வரிசை மாதிரியே செய்துகொண்டு வந்தார். அம்புரோஸ் அதை ஈறில் பொருத்திக்கொண்டு, மூச்சை அடக்கிச் சிரித்தார். போன் கொஞ்ச நேரம் யோசித்தது.

உணவு உண்ணும்போது இச்சேவையைப் பயன்படுத்த வேண்டாம்.

அதோடு பூட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை பேங்கில் புவனேசன் கணினியைப் பார்த்தார். முகம் மாறியது. பேனாவைக் கீழே வைத்தார்.

"அங்கிள், பயப்படாதீங்க. உங்க கணக்குல ஒரு மோசடிக் கும்பல் புகுந்திருச்சு."

"ஐயோ!"

"ஒரு பொம்பளை. உங்க பேர்ல கட்டை விரல் வச்சிருக்கா. வயசு எழுபதுக்கு மேலன்னு சிஸ்டம் சொல்லுது. பழுத்த ஆளு."

அம்புரோஸ் திரும்பி மேகியைப் பார்த்தார். மேகி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நான்தான் தம்பி அந்தப் பழுத்த ஆளு. இவருக்கு விரல் விழலைன்னு வச்சேன். உங்க ஆளுங்கதான் பக்கத்துல நின்னாங்க. கைகூடத் தட்டினாங்க."

"ஆன்ட்டி, நீங்க ஒத்துக்கிட்டது எனக்குச் சந்தோஷம். ஆனா எங்க முறைப்படி, தானா வந்து ஒத்துக்கிற குற்றவாளியை நாங்க நம்பக் கூடாது. உண்மையான குற்றவாளியைக் காப்பாத்தத்தான் அப்படிச் செய்வாங்க. போலீஸ்ல புகார் குடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் கணக்கு முடக்கம்."

விஷயம் கேள்விப்பட்ட மகன் பேட்ரிக், ஜொகூரிலிருந்து அன்றைக்கே ஆயிரத்து அறுநூறு வெள்ளி அனுப்பி வைத்தான். எங்கே அனுப்பினான்? அப்பாவின் கணக்குக்கு. உள்ளே போட யாரும் கட்டை விரல் கேட்பதில்லை, கண்ணுங்களா. பணம் போய் மற்றப் பணத்தோடு உட்கார்ந்துகொண்டது. இருசப்பன் தன் பால்மாவு டின்னைத் திறந்து, "நான் தர்றேன், எடுத்துக்கடா" என்றார். அம்புரோஸ் வாங்கவில்லை.

"எட்டாயிரம் வெள்ளி வச்சிருக்கிறவன் எதுக்குடா உன் டின்னுல கைய விடணும்?"

போலீஸ் ஸ்டேஷனில் சார்ஜன் லிங்கேஸ்வரன் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

"யாரு மேல புகார் ஐயா?"

"அம்புரோஸ்னு சொல்லிக்கிட்டு பேங்குக்குப் போன ஆளு மேல."

"அவர் எங்க இருக்காரு?"

"நான்தான்."

"சரி. பணத்தைப் பறிகுடுத்தது?"

"அதுவும் நான்தான். ஆனா பறி போகல. உள்ளதான் இருக்கு."

"உடந்தை யாராச்சும்?"

"நான்" என்றார் மேகி.

"நீங்க இவருக்கு என்ன முறை?"

"ஐம்பது வருஷமா பொண்டாட்டி. இவர் சம்மதம் சொன்னாரான்னு மட்டும் உறுதியாத் தெரியாது."

சார்ஜன் தட்டச்சிலிருந்து விரல்களை எடுத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "எங்கம்மாவும் இதே பேங்குதான் ஐயா. ஆறு வாரமா அவங்களைக் காணோம்னு பேங்க்ல சொல்றாங்க. வீட்டுலதான் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்காங்க." சந்தேக நபரின் அடையாளம் என்ற இடத்தில் 'பல் இல்லை' என்று அடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார். மேகிக்குப் பக்கத்தில் மட்டும் 'ஒத்துழைப்பு நல்கினார்' என்று போட்டார்.

அந்தப் புகாரோடு போனால் நிரப்ப ஒரு பாரம். பாரத்தோடு போனால் கிராமத் தலைவர் கையெழுத்து. கையெழுத்தோடு போனால் அது நீல மையில் இருந்தது, கறுப்பு வேண்டும். கறுப்போடு போனால் புவனேசன் ஊரில் இல்லை. மூத்தவர்களிடம் பொறுமையாக நடந்துகொள்வது எப்படி என்று லங்காவியில் மூன்று நாள் பயிற்சியாம். கல்யாண நாளுக்குப் பத்தே நாள்தான் இருந்தது. பல் வைத்தியரும் போன் போட்டுவிட்டார். "இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள காசு வரலைன்னா அந்தத் தேதிக்குள்ள முடியாது அங்கிள்."

அன்று பேங்கில், லங்காவியிலிருந்து திரும்பி வந்திருந்த புவனேசன், தலைமையகத்துப் பதிலை எழுந்து நின்று வாசித்தார்.

"அன்பு வாடிக்கையாளருக்கு. தங்கள் மீதான மோசடியில் தங்கள் பங்கு குறைவே என்று தெரிய வருகிறது. எனவே தங்களைத் தாங்களே நிரூபிக்க இறுதி வாய்ப்பு ஒன்று வழங்கப்படுகிறது. பத்து நிமிடத்துக்குள் செனியும் செயலியில் பல் தெரியச் சிரிக்கவும். தவறினால் கணக்கு உரிமையாளர் அற்றதாகக் கருதப்பட்டு, உரிமையாளர் வரும்வரை பத்திரமாக வைக்கப்படும்."

"உரிமையாளர் வந்து என்ன செய்யணும் தம்பி?" என்று கேட்டார் அம்புரோஸ்.

புவனேசன் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தார். "பல் தெரியச் சிரிக்கணும் அங்கிள்."

அம்புரோஸ் எழுந்தார். நாற்பத்தைந்து வருஷம் வெயிலிலும் மழையிலும் பேர் கூப்பிட்டதும் கை தூக்கிய மனிதர். ஒரு நாளும் அவர் இல்லை என்று எந்த மண்டோரும் எழுதியதில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே வந்து, பேங்கு வாசலில், கார் நிறுத்தும் கட்டையில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"மேகி, விடு. நான் இந்தத் தடவையும் பொத்தான்கிட்டயே சொல்லிக்கிறேன்."

மேகி கையில் போன் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு. ஆறு. அந்த நேரம் பார்த்து இருசப்பன், "டேய்" என்றார். "டேய் அம்புரோசு. மேல பாருடா."

பார்த்தார்கள். பேங்கு முகப்பில், மாடி உயரத்துக்கு ஒரு பதாகை. முந்தின நாள்தான் கட்டியிருக்க வேண்டும். கயிறெல்லாம் புதுசு. அதில் கட்டை விரலை உயர்த்தி அம்புரோஸ் நின்றார். ஈஜோக் மண்டபத்தில் எடுத்த படம். அதே சட்டை, அதே காது, அதே நெற்றித் தழும்பு. ஆனால் வாய் நிறையப் பல். முப்பத்திரண்டும், வெள்ளை வெளேரென்று. சுருக்கங்களைத் துடைத்திருந்தார்கள். கட்டை விரலில்கூட வளைவு வளைவாக ரேகை வரைந்திருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில்: உங்களை உங்களைவிட நன்றாக அறிந்த பேங்க்.

"ஆண்டவரே" என்றார் மேகி. "எவ்வளவு நல்லா இருக்கீங்க."

பிறகு அவருக்கு ஏதோ தோன்றியது. போனைத் திருப்பினார். எட்டவில்லை. இருசப்பன் கார்க் கதவைத் திறந்து பிடிக்க, எழுபதைத் தாண்டிய மேகி காரின் வாசல்படியில் ஏறி நின்று, கையை உயர்த்திப் போனைப் பதாகைக்குக் காட்டினார்.

பல் தெரியச் சிரிக்கவும்.

பதாகை சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு வேறு வேலை இல்லை. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வேறு வந்து அதை லேசாக அசைத்துக் கொடுத்தது.

பச்சை.

வணக்கம் திரு அம்புரோஸ். உங்களை மீண்டும் சந்தித்ததில் மகிழ்ச்சி.

பல் வைத்தியருக்குப் பணம் போக எட்டு விநாடிதான் ஆனது. அதற்குள் புவனேசன் வெளியே ஓடி வந்துவிட்டார். மேகி காரில் தொற்றி நிற்பதை, போனை, பதாகையை, கட்டையில் உட்கார்ந்திருந்த அசல் அம்புரோஸை, எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு மலர்ந்த முகத்தோடு சொன்னார்.

"பார்த்தீங்களா அங்கிள், நான் சொன்னேன்ல? சிஸ்டத்துல ஒரு தப்பும் இல்ல. உங்களுக்குத்தான் கொஞ்சம் பழகணும்."

இருசப்பன் அதற்குச் சொன்ன பதிலை நான் இங்கே சொல்லப் போவதில்லை. பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பல் வைத்தியர் மாதிரி அட்டையை விரித்தார். வயசுக்குத் தகுந்த மாதிரி லேசான மஞ்சள், கொஞ்சம் தேய்ந்த வடிவம், அதுதான் இயற்கையாக இருக்கும் என்றார். அம்புரோஸ் தலையாட்டவில்லை. மேகியின் போனை வாங்கிப் பதாகைப் படத்தைக் காட்டினார்.

"இதே மாதிரி குடுங்க டாக்டர். ஒண்ணுகூட மாறக் கூடாது. அந்தப் பதாகையை என்னைக்காவது கழட்டிட்டாங்கன்னா நான் யாருகிட்ட போய் நிப்பேன்?"

சனிக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. இருசப்பன் பட்டு வேட்டியில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கேட்கிறதா என்று பார்க்க அவரைத்தான் அங்கே வைத்திருந்தார்கள். அம்புரோஸ் மேகியின் கையைப் பிடித்தார். பொத்தானைப் பார்க்கவில்லை. இன்பத்திலும் துன்பத்திலும் என்று ஆரம்பித்தவர் கடைசி வரைக்கும் ஒரு சொல் விழுங்காமல், மண்டோர் பேர் கூப்பிடுகிற குரலில் சொல்லி முடித்தார். பின்னால் இருசப்பன் எழுந்து, கோவில் என்றுகூடப் பாராமல், கையைத் தூக்கிக் காட்டினார்.

"கேட்டுச்சா?" என்றார் அம்புரோஸ்.

"கேட்டுச்சு" என்றார் மேகி. "கத்தாதீங்க."

பூசை முடிந்து, படம் எடுக்க வந்த பையன் இரண்டு பேரையும் பீடத்தின் முன்னால் நிறுத்தினான். கேமராவைத் தூக்கினான்.

"அங்கிள், நல்லா பல்லு தெரியச் சிரிங்க."

அம்புரோஸ் வாயை இறுக்கமாக மூடிக்கொண்டார். ஃபாதர் சொல்லிப் பார்த்தார், பேட்ரிக் சொல்லிப் பார்த்தான். திறக்கவில்லை. ஆயிரத்து அறுநூறு வெள்ளிப் பல்லும் உள்ளேயே இருந்தது. இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் இரண்டு கல்யாணப் படங்கள் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. இரண்டிலும் மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறார். புதுப் படத்தில் மட்டும் பொண்ணு பக்கத்தில் நின்று, சிரிப்பை அடக்க முடியாமல், பூச்செண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது.